ஓரத்துப் பட்டையை வெட்டாதீங்க

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். போனுக்குப் போன் அனுப்பி ஊரார் அந்தப் பெயரை நாறடித்தது போதும். மலையில் சிலர் அவரைச் சூரியக்காரம்மா என்பார்கள். நான் மேடம் என்று கூப்பிடுவேன். அவர் என்னை டிரைவரண்ணே என்பார்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். பிள்ளைகளாகிய நீங்கள் படித்தால் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்பது என் ஆசை. நடுவில் எங்கேயாவது எனக்குக் கோபம் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது வராமல் இதை எழுத முடியாது.

மேடம் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். பெங்களூரில் வேலை பார்த்தவர், பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டார். சம்பளத்துக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்வார். அது முடிந்ததும் சூரியன்.

சூரியனிலிருந்து வெயில் மட்டும் வருவதில்லை, பிள்ளைகளே. கண்ணுக்குத் தெரியாத பொடி, ஒரு காற்று மாதிரி, ஓயாமல் கிளம்பி வருகிறதாம். பூமியைச் சுற்றி ஒரு காந்த வேலி இருக்கிறது. அந்தக் காற்று வேலியில் மோதி, ஆற்றுத் தண்ணீர் பாறையை ஒதுக்கிக்கொண்டு போவது போல இரண்டு பக்கமும் போய்விடுகிறது. சில சமயம் காற்று பலமாக அடிக்கும். அதைச் சூரியப் புயல் என்கிறார்கள். அவ்வளவு பெரிய இடத்தை எந்தக் கேமராவாலும் ஒரே படமாகப் பிடிக்க முடியாது. அதனால் விஞ்ஞானிகள் பெரிய பெரிய கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். இந்த இடத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி, அந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று எண் எண்ணாக வரும். வந்த எண்களை அவர்கள் பூட்டி வைத்துக்கொள்வதில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்த நல்ல மனசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் விளங்காது. எண்ணைப் படமாக மாற்றித் தருகிற மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மேடம் அவற்றை வைத்துத்தான் படம் செய்வார். எண் கூடின இடத்துக்கு ஒரு நிறம், குறைந்த இடத்துக்கு ஒரு நிறம் என்று நாம் சொல்லிக்கொடுத்தால் அது தீட்டிக் கொடுக்கும். எந்த நிறத்துக்கு எந்த எண் என்று காட்டுவதற்குப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு பட்டை நிற்கும். கீழே நீலம், நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு, பக்கத்தில் எண்கள். படத்துக்கு அடியில் மேடமே தமிழில் ஒரு வரி எழுதிவிடுவார்: இது கணக்கு போட்டு வரைந்த படம், கேமரா படம் அல்ல.

அந்தப் பட்டையும் அந்த வரியும் இல்லாமல் அவர் ஒரு படத்தையும் வெளியே விட்டதில்லை. விடச் சொன்னவர்களைச் சும்மா விட்டதும் இல்லை.

கச்சிராயபாளையத்தில் நாங்கள் டீ குடிக்கிற கடையில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் ஆரஞ்சு நிறத்தில் சூரியன், நாக்கு நாக்காகத் தீ. மேடம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"இந்தப் படம் எந்த வெளிச்சத்துல எடுத்ததுன்னு போட்டிருக்குதாண்ணே?"

டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "டீயில சக்கர கம்மியா ஜாஸ்தியான்னு கேளுங்க மேடம், சொல்றேன். காலண்டர எனக்கு நகைக்கடைக்காரன் ஓசில குடுத்தான்."

"ஓசில குடுத்தா இன்னா வேணா மாட்டுவீங்களா?"

"சாமி படம் தீந்துபோச்சுன்னான். சரி, சூரியனும் சாமிதானேன்னு மாட்டினேன். இப்ப அவரு மேலயும் கேஸா?"

கடையே சிரித்தது. மேடமும் சிரித்தார். ஆனால் கிளம்பும்போது, பேனாவை வாங்கி, காலண்டர் ஓரத்தில் 'நிறம் மனிதர் கொடுத்தது' என்று எழுதிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

முதல் தடவை அவரை மலைக்கு ஏற்றிப் போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. புரொஜெக்டரைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குழந்தையைப் பிடிப்பது போல அதைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊரில் ஒரு பள்ளிக்கூடம். ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டி இருட்டாக்கி, சுவரில் படம் போட்டார். சூரியக் காற்று வந்து பூமியின் வேலியில் மோதிப் பிளந்து போனது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நானும்தான்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். அவர் எழுந்து, "மேடம், அந்த ஓரத்துல நம்பர் போட்ட பட்டை கண்ண உறுத்துது. அத எடுத்துட்டா படம் பெருசாத் தெரியுமே" என்றார்.

"எடுத்துட்டா பெருசாத் தெரியும் சார். இன்னான்னுதான் தெரியாது."

"பசங்களுக்கு நம்பர் எதுக்குங்க? சும்மா அழகாப் பாத்துட்டுப் போறாங்க."

மேடம் புரொஜெக்டர் பக்கம் போனார். சுவிட்சை அணைத்தார். அறை கும்மிருட்டானது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அந்த இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "பட்டை இருந்தா படம் இருக்கும் சார். பட்டை வேணாம்னா நான் வூட்டுக்குப் போறேன்."

பட்டை இருந்தது.

என் மூத்த மகள் எட்டாவது படிக்கும்போது பள்ளிக் கண்காட்சிக்கு அவரிடம் ஒரு படம் கேட்டாள். "மிஸ், எனக்கு ரோஸ் கலர்ல வேணும்" என்றாள். மேடம் தட்டாமல் ரோஸ் நிறத்திலேயே சூரியப் புயல் செய்து கொடுத்தார். பட்டையும் ரோஸில்தான் இருந்தது. கண்காட்சிக்கு நடுவராக வந்தவர், "சூரியன் ரோஸாவாம்மா இருக்கும்? தப்பு" என்று சொல்லி அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். பக்கத்து மேஜையில் கடையில் வாங்கி ஒட்டின நெருப்புப் படத்துக்குப் பரிசு. என் மகள் அழுதுகொண்டு வந்தாள். ஓரத்தில் எழுதியிருந்ததை அந்த மனிதர் ஒரு நிமிஷம் குனிந்து படித்திருக்கக் கூடாதா? நடுவர் என்றால் குனியக் கூடாதா?

இனிமேல் சொல்லப்போவதுதான் பெரிய கதை.

மலைப் பள்ளியில் இரண்டாம் தடவை படம் போட்டபோது, ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கி, "இதுல நாம எங்க இருக்கறோம்?" என்று கேட்டாள். மேடத்துக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த தடவை வரும்போது பூமி உருண்டையின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, பக்கத்தில் 'வெள்ளிமலை' என்று எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் கைதட்டிய தட்டில் ஜன்னல் ஜமுக்காளம் கழன்று விழுந்தது. பிள்ளைகளோடு வந்திருந்த ராமாயி என்கிற அம்மாகூட, "அட, உலகத்துல வேற ஊரே இல்லாத மாதிரி நம்ம ஊரு மட்டும் நிக்குது பாரு" என்று சொல்லிச் சிரித்தார். ராமாயிக்குப் புருஷன் இல்லை. மலையில் ஒரு துண்டுக் காடு. அதில் மரவள்ளி போடுவார். வருஷத்துக்கு அந்த ஒரு வெள்ளாமைதான்.

அன்றைக்குக் கூட்டத்தில் யாரோ போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். எடுத்ததில் தப்பில்லை. போனை நட்டமாகப் பிடித்து எடுத்ததில், அகலமான படத்தின் இரண்டு ஓரமும் போய்விட்டது. பட்டை ஓரத்தில் இருந்ததால் அது போனது. புள்ளி நடுவில் இருந்ததால் அது நின்றுவிட்டது. எப்படியோ அது போனில் செய்தி ஓட்டுகிற ஒரு சேனல்காரன் கைக்குப் போயிருக்கிறது. அவன் அடியில் இருந்த தமிழ் வரியின்மேல் சிவப்பாக ஒரு செய்தியை ஓட்டினான்: 'வெள்ளிமலையை நோக்கி வரும் சூரிய நெருப்பு! செயற்கைக்கோள் நேரடிக் காட்சி!' பின்னாடி திகில் பட மேளம். கூடவே, இந்தப் படத்தை வெளியிட்டவர் இன்னார் என்று மேடத்தின் பெயர்.

அது ஐப்பசி மாதம். மரவள்ளி தை, மாசியில்தான் பிடுங்குவார்கள். அது வரைக்கும் கிழங்கு மண்ணுக்குள் இருந்து மாவு கட்டும். சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் கிழங்கைத் தண்ணீரில் போட்டு எடை பார்த்து மாவு எத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள். பாயிண்டுக்குத்தான் விலை. முன்கூட்டிப் பிடுங்கினால் பாயிண்ட் விழும், விலையும் விழும். பிடுங்கின கிழங்கைத் திருப்பி மண்ணில் வைக்கவும் முடியாது. இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போகும்.

இது தெரிந்த ஒரு கிழங்குத் தரகர் இருந்தார். மலைக்கு லாரி விட்டு, கிழங்கு ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிறவர். அந்த வருஷம் அந்த ஆள் ஐப்பசியிலேயே லாரியோடு மலையேறினார். வீடு வீடாகப் போய்த் தன் போனில் அந்த வீடியோவைக் காட்டினார். "தோ பாருங்க, நம்ம ஊரு பேரே போட்டிருக்கான். நெருப்பு வந்தா மண்ணுக்குள்ளயே வெந்துடும். வெந்த கிழங்க எவன் வாங்குவான்? இப்ப புடுங்கிக் குடுத்தா நான் பாத்து எடுத்துக்கறேன்." பாத்து எடுத்துக்கறேன்!

சவாரியில் வந்த ஒருவர் போனில் எனக்கு அதைக் காட்டினார். நான் ஆட்களை இறக்கிவிட்டு நேராக மேடம் வீட்டுக்கு ஓடினேன். அவர் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன்.

மேடம் முதலில் கேட்டது இதுதான்: "பட்டை எங்க?"

"மேடம், அங்க காடு காடா புடுங்கிக்கினு இருக்காங்க, நீங்க பட்டைய கேக்கறீங்களே!"

அவர் மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார். சிவப்பு, அலையாக வந்து பூமியைத் தொட்டது. நடுவில் வெள்ளிமலை என்ற எழுத்து. அவர் முகம் செத்துவிட்டது.

"புள்ளிய மட்டும் விட்டுட்டாங்கண்ணே. இது நான் வெச்ச புள்ளி."

பக்கத்து வீட்டம்மாவிடம் அப்பாவை ஒப்படைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினார். கோமுகி அணை தாண்டினோம். அப்புறம் நான்தான் ஆரம்பித்தேன்.

"மேடம், நான் சொல்றத கேளுங்க. மேல போனதும் ஒரே வார்த்த. அது பொய்யி, புயலும் வராது மயிரும் வராதுன்னு சொல்லுங்க. முடிஞ்சுது. ஜனம் நீங்க சொன்னா கேக்கும்."

"புயல் வராதுன்னு எப்படிண்ணே சொல்றது? எப்பவாவது வரும்."

"வந்தா கிழங்கு வேகுமா?"

"வேகாது."

"அப்புறம் இன்னாத்துக்கு வரும்னு சொல்லணும்?"

"வரும்ங்கறதால."

எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. வண்டியை ஒரு போடு போட்டு வளைவில் திருப்பினேன்.

நாங்கள் போனபோது ராமாயியின் காட்டுக்குக் கீழே லாரி நின்றது. காட்டில் பாதி பிடுங்கிக் குவித்திருந்தார்கள். விரல் பருமனுக்குத்தான் கிழங்கு. ஊர் மொத்தமும் அங்கே இருந்தது. ராமாயி குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தரகர் மேடத்தைப் பார்த்ததும் ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டார்.

"வாங்க மேடம்! உங்க படத்தாலதான் எங்க ஜனம் தப்பிச்சுது."

மேடம் ஜீப் பானெட்மேல் கம்ப்யூட்டரைத் திறந்தார். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அவரவர் முகம்தான் தெரிந்தது. நான் ஜீப்பின் பின்பக்கத் தார்ப்பாயை நான்கு பக்கமும் இறக்கிக் கட்டினேன். உள்ளே இருட்டானது. ராமாயியும் இன்னும் சில பெண்களும், ஊர்ப் பெரியவர் ஒருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஏற முடியாதவர்கள் தார்ப்பாய் இடுக்கில் தலையை மட்டும் உள்ளே விட்டார்கள். தரகரும் ஒரு தலையை விட்டார்.

"இது எப்பவோ வந்துட்டுப் போன புயலோட கணக்கு" என்றார் மேடம். "அது வந்தப்பவும் நீங்க காட்டுலதான் இருந்திருப்பீங்க. யாருக்காவது சுட்டுச்சா?"

ஒருத்தி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சரி, உங்களுக்குப் புடிச்ச கலர் ஒண்ணு சொல்லுங்க."

"இன்னா கலரு?" என்றார் ராமாயி.

"எது வேணா."

"பச்ச."

மேடம் எதையோ தட்டினார். அதே புயல், அதே அலை, பச்சையாக வந்து மோதியது. ஒரு பெண் சிரித்துவிட்டாள். "நெருப்பு கீரையா மாறிப்போச்சுடி!" இன்னொருத்தி மஞ்சள் கேட்டாள். மஞ்சளாகியது. பெரியவர் கூச்சத்தோடு ஊதா கேட்டார். ஊதா அலை வந்தது. "மாமாவுக்கு இந்த வயசுல ஊதா கேக்குதா?" என்று தார்ப்பாய்க்கு வெளியிலிருந்து ஒரு குரல். ஜீப்பே குலுங்கியது.

ராமாயி சிரிக்கவில்லை. "அப்ப செவப்பு யாரு வெச்சது?"

"நான்தான் வெச்சேன்."

"இன்னாத்துக்கு?"

"பளிச்சுனு தெரியட்டும்னு. ஓரத்துல இந்தப் பட்டை இருந்தா, செவப்புன்னா காத்து அங்க ஜாஸ்தி, நீலம்னா கம்மி, அவ்ளோதான், சூடு இல்லன்னு தெரியும். பட்டைய வெட்டிட்டாங்க. உங்க ஊரு பேர எழுதினது என் தப்பு. பசங்க சந்தோஷப்படறாங்களேன்னு எழுதினேன்."

ராமாயி திரையில் அந்தப் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தார்ப்பாய் இடுக்கில் இருந்த தரகரின் தலையைப் பார்த்தார்.

"இது தராசு முள்ளு மாதிரி" என்றார் மெதுவாக. "முள்ள உன் பக்கம் திருப்பி வெச்சிக்கினு எங்களுக்கு எடை சொல்லுவியே சாமி, அத மாதிரி முள்ள மறைச்சிட்டு எங்களுக்குப் படம் காட்டியிருக்கற."

பிள்ளைகளே, மேடம் எத்தனையோ தடவை எனக்கு விளக்கியும் புரியாதது எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. மலையில் எடை போடும்போது தராசு எப்போதும் தரகர் பக்கம்தான் திரும்பியிருக்கும். அவர் சொல்வதுதான் எடை. வருஷா வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் வெந்தவர்களுக்கு, பட்டை வெட்டின படம் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஆனால் தரகர் லேசுப்பட்ட ஆள் இல்லை. "சரிம்மா, கலரு போவட்டும். மேடத்த ஒண்ணு கேளுங்க. இனிமே சூரியப் புயல் வருமா வராதா?"

எல்லாத் தலையும் மேடத்தின் பக்கம் திரும்பியது. நான் அவர் கண்ணையே பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை, தாயே.

"வரும்" என்றார் மேடம். "எப்பன்னு எனக்குத் தெரியாது. வந்தா செயற்கைக்கோளுக்குத் தொந்தரவு, ரேடியோ கெடும், பெரிய கரண்ட் லைனுக்குச் சேதம் வரலாம். மண்ணுல இருக்கற கிழங்குக்கு ஒண்ணும் ஆவாது."

தரகர் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையை வெளியே இழுத்தார். "கேட்டுக்குங்க! வரும்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். அவர் மேடத்தின் பேச்சையும் அப்படித்தான் ஓரம் வெட்டி விற்றார். தார்ப்பாய்க்கு வெளியே நின்றவர்களில் சிலர் பயந்துபோய் அன்றைக்கே மீதியையும் பிடுங்கிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தக் காடுகள் தப்பியிருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அடுத்த தடவை அவர் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள் என்றும் நினைத்திருக்கிறேன். இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

ராமாயி ஜீப்பிலிருந்து இறங்கினார். நேராகக் காட்டுக்குள் போய்ப் பிடுங்காமல் நின்ற பாதிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இதுக்கு மேல ஒரு குச்சியத் தொட்டீங்கன்னா இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது."

"ஆத்தா, வெந்துடும்" என்றார் தரகர்.

"வெந்தா நான் துன்னுக்கறேன். வேவ வெக்கற வேலையாவது மிச்சம்."

பிடுங்கின பாதி லாரியில் போனது. வேறு வழி இல்லை. மீதிப் பாதி மண்ணுக்குள் நின்றது.

இத்தோடு விட்டார்களா? இல்லை. அடுத்த வாரம் தலைமையாசிரியர் எனக்குப் போன் செய்தார். மேடத்திடம் நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "டிரைவர், மேலருந்து சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடத்துல படம் போட்டு ஜனங்க மத்தியில பீதிய கெளப்பிட்டாங்களாம். மேடம் இனிமே வர வேணாம்னு பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

நான் கேட்டேன், "ஓரம் போன படத்த சேனல்ல ஓட்டினவன யாரனா கூப்ட்டு கேட்டாங்களா சார்? லாரி கொண்டாந்தவர கேட்டாங்களா?"

"அதெல்லாம் நம்ம வேல இல்லப்பா" என்றார்.

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். மேடம் கேட்டுவிட்டு, "உங்க தார்ப்பாயில ஓட்டை இருக்குது, வெளிச்சம் வருது. தெச்சிடலாமாண்ணே?" என்றார். அதற்கு அப்புறம் என் ஜீப்தான் கொட்டகை. ஊருக்கு வெளியே மரத்தடியில் நிறுத்துவோம். பின்னாடி தார்ப்பாயை இறக்குவோம். என் சீட்டுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி கட்டுவோம். பிள்ளைகள் முண்டியடித்து ஏறுவார்கள். அந்தப் படங்களில் ஊர்ப் பெயர் எதுவும் இருக்காது. நாம எங்கே என்று கேட்கிற பிள்ளையைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டுவார்.

குடியரசு தினத்தன்று சேராப்பட்டுப் பக்கம் படம் போடுவதற்காகக் காலையிலேயே போய்க்கொண்டிருந்தோம். வழியில், மேடத்தை வர வேண்டாம் என்று சொன்ன பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. வண்டி போக வழியில்லை. மேடம் ஜீப்பிலேயே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி எட்டிப் பார்த்தேன்.

மேடையில் தரகர். கழுத்தில் பொன்னாடை. பள்ளிக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தாராம், அதனால் சிறப்பு விருந்தினராம். அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மாணவர்களே, நீங்கள் எல்லோரும் விஞ்ஞானம் படித்து முன்னேற வேண்டும்" என்று பேசுகிறார். விஞ்ஞானம்! எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. படம் செய்தவருக்குப் பள்ளி வாசல் மூடியிருக்கிறது. ஓரம் போன படத்தைக் காட்டிப் பிழைத்தவருக்குப் பொன்னாடை. இதற்கு எங்கே போய் நியாயம் கேட்பது?

கூட்டத்தின் நடுவிலிருந்து ராமாயி எழுந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?"

தலைமையாசிரியர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தரகர் பெருந்தன்மையாக, "கேளும்மா, கேளு" என்றார். மைக்கில் அது மலை முழுக்கக் கேட்டது.

"ஐப்பசில நெருப்பு வருதுன்னியே, அது எங்க வரைக்கும் வந்திருக்குது?"

தரகர் சிரித்தார். "அதான் வரலியேம்மா. நல்லதுதானே? சந்தோஷப்படு."

"சந்தோஷந்தான் சாமி. வராத நெருப்புக்கு எங்க காட்டுல பாதிய ஏத்திக்கினு போனியே, அத்த எப்ப திருப்பிக் கொண்டாருவ?"

தரகர் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அப்புறம் பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அது பரவியது. பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். ஐப்பசியில் பிடுங்கிக் கொடுத்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தலைமையாசிரியர் ஓடிப்போய் மிட்டாய்த் தட்டைத் தூக்கினார். தரகர் மைக்கில், "ஒலிபெருக்கி கொஞ்சம் சரியில்ல" என்று எதையோ சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் ஜீப்புக்கு ஓடிவந்தேன்.

"இன்னாண்ணே அங்க சத்தம்?" என்றார் மேடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொஞ்சம் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராமாயிக்கா காட்டுல மீதி இருந்துச்சே, அது இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்குதா?"

"இருக்குது மேடம். அடுத்த மாசம் புடுங்கறாங்களாம்."

"நல்லாத் தெரியுமா?"

"வரும்போது என் கண்ணால பாத்தேன். குச்சி ஆளு ஒசரம் நிக்குது."

அவர் கண்ணை மூடி மூச்சை விட்டார். ஐப்பசியிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது.

"அப்ப சரி. ஜனம் கலைஞ்சிடுச்சு பாருங்க. வண்டிய எடுங்கண்ணே, அங்க பசங்க காத்துக்கினு இருப்பாங்க."